நிறம் மட்டும் போதாது, கணக்கும் தெரியவேண்டும்



2018 ஒக்டோபர் 24 அன்று நமது மலையக இளைஞர்கள் 1,000 ரூபாய் சம்பளம் கேட்டு, கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அடுத்த மாதம் 17ஆம் திகதி, எரிபொருள் வரியை எதிர்த்து பிரான்ஸ் மக்கள் மஞ்சள் அங்கியோடு வீதிக்கு வந்தார்கள். அங்கே ஒவ்வொரு காரிலும் அந்த அங்கி இருக்கவேண்டும் என்பது சட்டம். எல்லாரிடமும் இருந்ததே கொடியாயிற்று.

நிறத்தைக் கண்டால் கமரா ஓடிவரும். ஆனால் பாரிஸில் வாகனங்கள் எரிந்தபோது கமரா நெருப்பின் பக்கம் திரும்பியது.

நமது அடையாளம் கொழுந்துக் கூடை. அந்தப் படமும் பத்திரிகையில் வரும்; பார்க்கிறவர் "பாவம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். 1,000 கேட்ட நமக்கு 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் கிடைத்த அடிப்படைச் சம்பளம் 700 என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே அடுத்த போராட்டத்தில் கேட்கும் தொகையைக் கூடையிலேயே பெரிதாக எழுதி மாட்டுங்கள். கூடையைப் படம் பிடித்தால் கோரிக்கையும் சேர்ந்தே வரும். நிருபர் வந்தால் தலைவரைத் தேடி ஓடவேண்டாம். கொழுந்து பறிக்கும் அக்காவே பேசட்டும்: எத்தனை கிலோ பறித்தேன், எவ்வளவு பிடித்தார்கள், கைக்கு எவ்வளவு வந்தது. அந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகச் சொல்ல வேறு யாரும் இல்லை.