காரை இறக்கினா சொகுசு எங்க போகுது? கயத்தாறு டு கடம்பூர் ஒரு டெஸ்ட்

இன்னைக்கு முழு எபிசோடும் ஒரே ஒரு கேள்விக்குத்தான். "லோயரிங் ஸ்பிரிங் போட்டா ரைடு கெட்டுப் போகுமா ப்ரோ?" 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித்தோட டீம் போர்ஷே 992 பிரிவுல மூணாவதா வந்துச்சில்ல, அதுக்கப்புறம் இந்தக் கேள்வி எனக்கு வாரம் ரெண்டு தடவையாவது வருது. தரையோட ஒட்டிப் போற காரைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது. நானும் அந்த போட்டோவைத்தான் லேப்டாப் வால்பேப்பரா வச்சிருந்தேன்.

ஆனா ரேஸ் டிராக்ல கார் தாழ்ந்து நிக்குறதுக்கும் நம்ம ரோட்டுல நிக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல. 2024-ல சென்னைல தீவுத்திடலைச் சுத்தி 3.5 கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 நைட் ரேஸ் நடத்துனாங்க. அதுக்கு முதல்ல செஞ்ச வேலை என்ன? ரோட்டைச் சரி பண்ணது. காருக்கு ஏத்த மாதிரி ரோட்டை மாத்துனாங்க. நமக்கு அந்த வசதி கிடையாது. நாம ரோட்டுக்கு ஏத்த மாதிரிதான் காரை மாத்தணும்.

என் மச்சான் ஒருத்தன் கோயம்புத்தூர்ல வேலை பார்க்குறான். செகண்ட்ஸ்ல ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்குனான். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத் திறன், டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஐரோப்பால இதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா சிரிப்பாங்க. நம்ம பட்ஜெட்ல, நம்ம வயசுல இதுதான் ஸ்போர்ட்ஸ் கார், சண்டைக்கு வராதீங்க. அதுக்கு 35 மில்லிமீட்டர் இறக்குற ஸ்பிரிங் செட் ஒண்ணு மாட்டுனான். மாட்டுறப்ப நானும் கூட நின்னேன். சொந்த ஊர் கடம்பூர். ஆமா, போளிக்குப் பேர் போன அதே கடம்பூர்தான். அங்க எங்க அத்தை இருக்காங்க, அவனோட அம்மா. முதுகுல டிஸ்க் பிரச்சினை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கோவில்பட்டிக்கு பிசியோதெரபிக்குப் போகணும், சனிக்கிழமை இவன் வந்து கூட்டிட்டுப் போவான். இந்தக் காருக்கு ஊர்ல இருந்த முக்கியமான வேலையே அதுதான். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

மாட்டுற வேலையைச் சீக்கிரம் சொல்லிடுறேன். போலோல முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்த மெக்பர்சன் ஸ்ட்ரட். பின்னாடி ட்விஸ்ட் பீம், அங்க ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால பின்பக்கம் லேசு. முன்பக்கம்தான் ஆபத்து. ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டு அமுக்கித்தான் மேல் நட்டைக் கழட்டணும். அமுக்குன ஸ்பிரிங் நழுவுச்சுன்னா கையையோ தாடையையோ உடைச்சிடும். யூடியூப் பார்த்து வீட்டு வாசல்ல இதைச் செய்யாதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

நிறைய பேர் தவற விடுற ஒரு விஷயம் மட்டும் இருக்கு. கண்ட்ரோல் ஆர்ம் புஷ் போல்ட்டை, கார் ஜாக்கில தொங்கிட்டு இருக்கும்போதே ஃபுல் டைட் பண்ணிடக் கூடாது. சக்கரத்துல எடை இறங்கினதுக்கு அப்புறம்தான் கடைசி டைட். இல்லைன்னா ரப்பர் முறுக்கின நிலைமையிலேயே பூட்டிக்கும். ரைடும் இறுக்கமா இருக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழிஞ்சிடும். இதைச் செய்யாம விட்டுட்டு "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு"ன்னு சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம். மாட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சக்கர நடுவுல இருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப்ல அளந்து எழுதி வையுங்க. சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் செட்டில் ஆனதும் இன்னொரு தடவை அளங்க.

இப்ப சொகுசுக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு இருக்கு, பயப்படாதீங்க.

ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கிற கார் பாடிக்கு ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு. ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை மேல கீழ ஆடும்ங்கிறது. சாதாரண ஃபேமிலி காருக்கு 1-ல இருந்து 1.5 ஹெர்ட்ஸ். நாம நடக்கும்போது உடம்பு ஆடுறதும் கிட்டத்தட்ட இந்த ரேஞ்சுலதான், அதனால நமக்கு அது உறுத்தாது. 2 ஹெர்ட்ஸைத் தாண்டினா ஸ்போர்ட்ஸ் கார் ஃபீல். மேல கீழ அதிர்வுல உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்புக்கு ரொம்பப் பிடிக்காத ரேஞ்ச் 4-ல இருந்து 8 ஹெர்ட்ஸ். முதுகெலும்பும் வயிறும் அங்கதான் அதிகமா எதிர்வினை காட்டும்.

ஒரு ஸ்பிரிங் 30 சதவீதம் ஸ்டிஃப்னு வைங்க. ஆட்ட வேகம் 30 சதவீதம் கூடாது, வர்க்கமூலம் கணக்கு, அதனால 14 சதவீதம்தான் கூடும். 1.3 ஹெர்ட்ஸ் கார் 1.5 ஆகும். அவ்வளவுதானா? ஆமா, அவ்வளவுதான். அப்ப ஏன் எல்லாரும் "தூக்கித் தூக்கிப் போடுது"ங்கிறாங்க?

ரெண்டு காரணம். முதலாவது, பழைய ஷாக் அப்சார்பர். அது பழைய ஸ்பிரிங்குக்காக டியூன் பண்ணது. ஸ்பிரிங்கை மட்டும் 30 சதவீதம் ஏத்தினா, ஆட்டத்தை அடக்குற விகிதம் சுமார் 12 சதவீதம் குறைஞ்சிடும். ஷாக் புதுசா இருந்தா தாங்கும். ஏற்கெனவே 60,000, 70,000 ஓடின ஷாக்னா, ஒரு மேட்டைத் தாண்டினதுக்கு அப்புறமும் கார் குதிரை மாதிரி தலையாட்டிட்டே போகும்.

ரெண்டாவதுதான் பெருசு. ஸ்பிரிங் அமுங்குறதுக்கு இருக்கிற இடம். சக்கரம் மேல வந்து பம்ப் ஸ்டாப்னு ஒரு ஃபோம் துண்டுல முட்டுறதுக்கு முன்னாடி இவ்வளவு தூரம்னு கம்பெனி ஒரு கணக்கு வச்சிருக்கும். 35 மில்லிமீட்டர் இறக்கினா அதுல 35 மில்லிமீட்டர் காலி. பின்னாடி மூணு பேர், டிக்கில ஒரு அரிசி மூட்டைன்னா இன்னும் இறங்கும். அப்புறம் நடுத்தரமான பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்ல முட்டும். முட்டுன அந்த நொடில ஸ்பிரிங்கோட கணக்கெல்லாம் செல்லாது, ஸ்டிஃப்னஸ் பல மடங்கு எகிறும். "ஸ்பிரிங் ஹார்டு"ன்னு நாம சொல்றது பாதி நேரம் பம்ப் ஸ்டாப்போட அடியைத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார்னாலே கட்டையா இருக்கணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. மாஸ்டா எம்எக்ஸ்-5 பாருங்க, திருப்பத்துல நல்லாவே சாயும், அதுக்காகவே அதை நேசிக்கிறவங்க உண்டு. லோட்டஸ் கம்பெனி பல வருஷமா ஸ்பிரிங்கை மென்மையா வச்சு ஷாக்ல கட்டுப்படுத்துறவங்க. தாழ்வுங்கிறது போட்டோல தெரியும். அமுங்குற தூரம் போட்டோல தெரியாது.

சரி, கரிசலுக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலை 44-ல மதுரைல இருந்து கயத்தாறு வரைக்கும் மச்சான் கார் சூப்பர். பொய் சொல்லல, திருப்பத்துல அவ்வளவு நிதானம், லேன் மாத்துனா ஒரு சாய்வு இல்ல. கயத்தாறுல திரும்பி கடம்பூர் ரோட்டுக்கு வந்தோம் பாருங்க, வேற கார் ஆயிடுச்சு.

காரணம் மண்ணு. கரிசல் மண்ணுல மாண்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் தாது இருக்கு. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். சித்திரைல நம்ம ஊர் காட்டுல கை நுழையுற அளவு வெடிப்பு பார்த்திருப்பீங்க. ஐப்பசி மழைல அதே இடம் உப்பி நிக்கும். மேல போட்ட தார் ரோடு என்ன செய்யும்? வருஷா வருஷம் மண்ணோட சேர்ந்து மூச்சு விடும். அதனால இங்க பிரச்சினை குழி மட்டும் இல்ல. கண்ணுக்குச் சரியாத் தெரியாத நீளமான அலை.

ஒரு அலை 12 மீட்டர் நீளம்னு வைச்சுக்குவோம். 56 கிலோமீட்டர் வேகத்துல போனா செகண்டுக்கு 1.3 அலை. இறக்காத கார் பாடி ஆடுற அதே 1.3! ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி. இறக்கின 1.5 ஹெர்ட்ஸ் காருக்கு அந்த மோசமான வேகம் 65-க்குத் தள்ளிப் போகுது. அதாவது அலை போகல, இடம் மாறிடுச்சு. மச்சான் அந்த ரோட்டுல சாதாரணமாப் போற வேகமே 65. ஒவ்வொரு அலையும் கூடுதலா அமுக்க, மூணாவது அலைல பின்பக்கம் பம்ப் ஸ்டாப்ல டொம்.

நான் சாஃப்ட்வேர்க்காரன், சும்மா இருப்பேனா. போன்ல ஆக்சிலரோமீட்டர் ரெக்கார்டிங் ஓட விட்டு பின் சீட்டுல டேப் போட்டு ஒட்டுனேன். மாட்டுறதுக்கு முன்னாடி பொங்கலுக்கு வந்தப்பவே அதே ரோட்டுல ஒரு ரன் எடுத்து வச்சிருந்தேன். ரெண்டு கிராஃபையும் மேல மேல வச்சுப் பார்த்தா, சின்னச் சின்ன அதிர்வுல பெரிய வித்தியாசமே இல்ல. சராசரி எடுத்தீங்கன்னா "பரவால்லையே"ன்னு தோணும். ஆனா புதுசுல அங்கங்க ஊசி மாதிரி உச்சி. டொம்னு கேட்ட இடமெல்லாம் அந்த ஊசி. முதுகு வலிக்கிற ஆளுக்கு சராசரியால என்ன பிரயோஜனம்? அந்த ஊசிதான் வலி.

அதைவிட முக்கியம், போனை முன் சீட்டுல வச்சப்ப உச்சி சின்னதாத்தான் இருந்துச்சு. ஓட்டுறவர் கிட்டத்தட்ட ரெண்டு அச்சுக்கும் நடுவுல உட்கார்றாரு. பின் சீட்டு ஆள் பின் அச்சுக்குப் பக்கத்துல. அதோட ஓட்டுறவருக்கு மேடு வர்றது முன்கூட்டியே தெரியும், ஸ்டியரிங்கைப் பிடிச்சு உடம்பைத் தயார் பண்ணிக்கிறாரு. அதனால ரைடு கம்ஃபர்ட் பத்தி டிரைவர் சொல்ற சாட்சி செல்லாதுங்கிறது என் கட்சி. ரிவ்யூ வீடியோ பண்றவங்க 100-க்கு 99 பேர் எங்க உட்கார்ந்து பேசுறாங்கன்னு கவனிங்க.

1930-கள்லயே இதைப் புரிஞ்சுகிட்ட ஒருத்தர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸ்ல இருந்து அமெரிக்காவுல காடிலாக்குக்குப் போனவர். ஒரு காரோட முன்னாடியும் பின்னாடியும் நகர்த்துற மாதிரி எடைகளைக் கட்டி, ஸ்பிரிங்கை மாத்தி மாத்திப் போட்டு ஓட்டிப் பார்த்தாரு. பின்பக்கம் முன்பக்கத்தைவிட கொஞ்சம் வேகமா ஆடுற மாதிரி வச்சா, ஒரு மேட்டைத் தாண்டினதும் பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடிச்சிடும், கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாம சமமா மிதக்கும்னு கண்டுபிடிச்சாரு. கம்பெனி ஸ்பிரிங்ல இந்தக் கணக்கு இருக்கும். முன்னாடி ஒரு பிராண்டு, பின்னாடி ஸ்பிரிங்கை வெட்டினதுன்னு கலந்து போட்டீங்கன்னா அது மொத்தமும் போச்சு. ஸ்பிரிங்கை வெட்டுறதைப் பத்தி தனியா பேச மாட்டேன். வெட்டாதீங்க.

அப்புறம் ஸ்பீடு பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். போலோவோட வீல்பேஸ் சுமார் 2.47 மீட்டர். கணக்குப் போட்டா, அந்த மேட்டு மேல கார் நிக்கும்போது நடுவுல 4.5 சென்டிமீட்டர்தான் மேல வரும். 165-ல 35 போக 130 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், ஈசியாத் தாண்டும். ஆனா ஊருக்குள்ள எவனோ ராவோட ராவா போட்ட ஒரு அடி அகல, 15 சென்டிமீட்டர் உயர மேடு? அது முழுசா வயித்துல இடிக்கும். நாலு பேர் உட்கார்ந்தா சொல்லவே வேணாம்.

அத்தை என்ன சொன்னாங்கன்னு கேட்பீங்க. ஒண்ணுமே சொல்லல. அதான் விஷயம். ரெண்டு சனிக்கிழமை பின் சீட்டுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. மூணாவது சனிக்கிழமை மச்சான் வந்து நிக்கிறான், "யய்யா, நீ தூங்கு, நான் பஸ்லயே போயிக்கிடுதேன்"னுட்டாங்க. அலைய வைக்க வேண்டாம்னு நினைக்கிறாங்கன்னு இவன் நினைச்சான். அடுத்த தடவையும் அதே பதில். அப்புறம்தான் என்கிட்ட போன் பண்ணி "மச்சான், அந்த கிராஃபை அனுப்புடா"ன்னான்.

அவன் பழைய ஸ்பிரிங்கை தூக்கிப் போடாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. திரும்ப ஒரிஜினல் ஸ்பிரிங், கூடவே நாலு புது ஷாக். என்னைக் கேட்டா, முதல்லயே ஸ்பிரிங் காசுக்கு அந்த ஷாக்கைப் போட்டிருந்தாலே அவன் தேடுன நிதானத்துல பாதி கிடைச்சிருக்கும். லேபரும் அலைன்மென்ட்டும் ரெண்டாவது தடவை. இறக்குற ஸ்பிரிங் இப்ப கடம்பூர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில, என்னைக்காவது கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிராக் டே போறப்ப மாட்டுவானாம். அத்தை கார்ல வர ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இன்னும் பஸ்தான், அதுல கூட வர்ற ரெண்டு பேரோட சேக்காளி ஆயிட்டாங்களாம்.

சட்டம் பத்தியும் கேட்டிருந்தீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அதோட 2019 ஜனவரில வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி-ல இருக்கிற விவரத்துக்கும் முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. அதனால மாட்டுறதுக்கு முன்னாடி உங்க ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனிலயும் கேட்டுருங்க, கிளெய்ம் நேரத்துல கேட்காதீங்க.

இவ்வளவுக்கும் பிறகு போடணும்னா, என் பதில்: 15-ல இருந்து 20 மில்லிமீட்டருக்கு மேல போகாதீங்க, அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்துற ஷாக்கோட சேர்த்தே வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி அதே செட் போட்ட ஒரு காரைத் தேடிப் பிடிங்க. ஓட்டிப் பார்க்காதீங்க. நாலு பேரை ஏத்திக்கிட்டு, உங்க ஊர் ரோட்டுல, பின் சீட்டுல கண்ணை மூடி உட்கார்ந்து வாங்க. 65-ல ஒரு தடவை, 50-ல ஒரு தடவை.