பழவேற்காட்டுக் கத்தரீனா
(தம்பலகாமத்தில் ஆற்றிய உரை)



1639-ஆம் ஆண்டு திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பனி, மிளகும் துணியும் மட்டும் விற்றதன்று, மனிதரையும் விற்றது. சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் பழவேற்காடு. மழை பொய்த்துப் படைகளும் புகுந்த ஆண்டுகளில் அதன் அடிமைக் கொள்முதல் பெருகிற்று. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை பீசப்பூர்ப் படைகளாற் சூறையாடப்பட்டபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொண்டுவந்து இறக்கியது எங்கே? இந்த இலங்கையில்! உழுது வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? பஞ்சத்தில் முதலில் மாடு போகும். பின்பு நிலம் போகும். பின்பு பிள்ளை போகும்.

அதற்கு முன்பே விற்கப்பட்டுச் சாவகத்துப் பத்தாவியாவில் அடிமையாய் இருந்தாள் ஒருத்தி. ஒல்லாந்தர் ஏடு அவளைப் ‘பழவேற்காட்டுக் கத்தரீனா’ என்கிறது. தாய் தந்தையர் இட்ட பெயர் அதில் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றே எஞ்சியது. 1656-இல், அவளோடு உறவு கொண்டிருந்த மலாக்காவைச் சேர்ந்த அடிமை ஒருவனோடு சச்சரவு மூண்டது. தன்னைக் காக்க அவள் தாக்கினாள், அவன் இறந்தான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இவ்விடத்திற் சற்று நிற்கிறேன். ஒல்லாந்தர் கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டம் இன்றும் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் பொதுச்சட்டம். அதன் மூலமாகிய உரோமச் சட்டத்தில் அடிமை ஒரு பொருள். பொருளைக் கப்பலேற்றியபோது எந்த நீதிபதியும் ‘உன் சம்மதம் உண்டா?’ என்று கேட்கவில்லை. அவள் கை ஓங்கிய அன்றுதான் சட்டத்தின் கண்ணுக்கு அவள் ஆளாகத் தெரிந்தாள்! விற்கும்போது பொருள், தண்டிக்கும்போது ஆள். குற்றஞ் சாட்டப்பட்டதனாலேயே அவள் கதை நமக்குக் கிடைத்தது. குற்றமின்றி விற்கப்பட்ட ஆயிரமாயிரம் பேர் வெறும் தொகையாகிப் போயினர்.

1657-இல் நன்னம்பிக்கை முனையில் இறக்கப்பட்டாள். கும்பனி அங்கே குடியேறி ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் குடியேற்றத்தின் முதற் பெண்கைதி அவளே. தளபதி வான் றீபேக்கின் வீட்டுத் துணிகளை வெளுத்தாள். சினைமன் என்னும் போர்வீரனுக்கு ஒரு மகனைப் பெற்றாள். 1669-இல் அப்பிள்ளைக்குக் கிறித்தோபல் என்று ஞானஸ்நானம் செய்தனர். 1671-இல் மன்னிப்புப் பெற்று, வங்காளத்திலிருந்து வந்து விடுதலையடைந்த அந்தோனி என்பவரை மணந்தாள்.

மகன் கிறித்தோபல், ஹியூகனாட் அகதிக் குடும்பத்துப் பெண் மார்கரீட்டை மணந்தான். அவர்கள் வழிவந்த சினைமன் குடும்பத்தார் தென்னாபிரிக்க வெள்ளையரிடையே பரந்து பெருகினர்.

அந்நாட்டு அரசு 1949-இற் கலப்புமணத்தைத் தடைசெய்தது. 1950-இல் மக்களை நிறவாரியாகப் பதிவுசெய்யச் சட்டம் இயற்றியது. முன்னது 1985-இலும் பின்னது 1991-இலும் நீக்கப்பட்டன. அந்நாற்பது ஆண்டுகளும், ‘வெள்ளையர்’ என்று முத்திரை பெற்ற சினைமன்கள் எத்தனையோ பேரின் மூதாட்டி, பழவேற்காட்டிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட அந்தப் பெண்ணே!