நிபுணரும் நாமும்
(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பலர் கூடிச் செய்யுங் கருமம் உழைப்புக் குறைவாற் கெடுவது அரிது. "அவர் செய்வார்" என ஒருவரையொருவர் எதிர்பார்த்திருப்பதாலேயே கெடுகிறது. விழாவுக்குப் பந்தல் போட ஐவர் ஒப்புக்கொள்வர். பந்தற்காரருக்குச் சொன்னவர் ஒருவருமிலர். இக்குறை தீரப் பணிகளைப் பகிர்ந்து காட்டும் கணினி மென்பொருள் ஒன்றை ஏற்படுத்தவும், அதனை அமைத்துத்தர நிபுணர் ஒருவரை அமர்த்தவும் வேண்டுமென இளைஞர் கேட்கின்றனர். தொண்டுக்கு வேதனமா எனப் பெரியோர் வினவுகின்றனர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆதலின், நிபுணரால் ஆவது எது, ஆகாதது எது என நாம் முதலில் ஆராய்தல் வேண்டும்.

இம்முறையின் வேர் பழையது. யப்பானில் ரொயோட்டாத் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்பார், இரண்டாம் உலகப் போரின் பின், கன்பன் என்னும் அட்டை முறையை வகுத்தார். அடுத்த நிலையிலுள்ளோர்க்கு எது, எவ்வளவு வேண்டுமென்பதை அட்டை அறிவித்தது. 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ட்ரெலோ, அட்டைகளைக் கணினித் திரையில் நிரல்களாக அடுக்கிக் காட்டிற்று: செய்யவேண்டியவை, செய்யப்படுபவை, முடிந்தவை. அதில் ஓர் அட்டைக்குப் பலரைச் சேர்க்கலாம். அசானா என்னும் மென்பொருளோ ஒரு பணிக்கு ஒருவரையே பொறுப்பாளராகக் கொள்ளும். ஐவர் ஏற்ற பந்தலின் கதியை நினைப்போர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இவற்றை அறிந்து நமக்கேற்றதைச் சொல்லுதல், நிரல்களை வகுத்தல், நினைவூட்டல் தானே செல்லச் செய்தல் ஆகியன நிபுணரின் வேலை.

ஆனால், எக்கருமத்தை எவரிடம் விடுவது என்பதை அவர் தீர்மானிக்க இயலாது. திருக்குறள் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்த பொருள் அது. ஆளை ஆராய்ந்து பணியை ஒப்படைக்கும் கடமை நம்முடையது. அதனை விலைக்கு வாங்க முடியாது.

ஆகவே, நாம் நான்கு காரியங்களைக் கைக்கொள்வோமாக. முதலாவது, நிபுணரை அழைக்குமுன் ஒரு விழாவின் கருமங்கள் யாவற்றையும் தாளில் எழுதுவோம்: கருமம், பொறுப்பாளர், முடியும் நாள். இதை எழுத இயலாத சங்கத்துக்கு மென்பொருளும் உதவாது. இரண்டாவது, வேலையின் எல்லை, வேதனம், முடிவு நாள் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, முதன்மைக் கணக்கு சங்கத்தின் மின்னஞ்சலில் அமைய வேண்டும். கடவுச்சொல் நிபுணரிடமோ காரியதரிசி ஒருவரிடமோ மாத்திரம் தங்கின், அவர் கடல் கடக்கும் நாளில் நம் ஏடுகளும் உடன் போய்விடும். நான்காவது, நம்மவர் இருவரையேனும் பழக்கி, தமிழிற் சிறு கையேடும் தந்த பின்னரே கடைசித் தவணைப் பணம் கொடுத்தல் வேண்டும்.

இம்மென்பொருள்களுட் கட்டணமில்லா வகைகளும் உள. அவற்றுள் ஒன்றைக் கொண்டு ஒரு சிறு விழாவை முதலில் நடத்திப் பார்ப்போம். கைத்தொலைபேசி பழகாத பெரியோர்க்காக அப்பட்டியலை அச்சிட்டு அறிவித்தற் பலகையிலும் ஒட்டுவோம். அவர்களை விலக்கி நடக்கும் ஒழுங்கு நமக்கு வேண்டாம். இதன் பின்னரும் முடியாத சிக்கல் எஞ்சுமாயின், அதன் பொருட்டு நிபுணரை அமர்த்துவோம், அச்செலவு வீணாகாது. தாம் சென்றபின் தம்மை நாடவேண்டாதபடி நம்மைப் பழக்கிச் செல்பவரே நல்ல நிபுணர்.