ஆட்டமும் சாய்வும்



அறிவியல் தமிழில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஓர் அளவே பிறழும். அதற்குச் சான்றாக, கடலில் செல்லும் கப்பலின் மேலே பொருத்தப்படும் கதிர்வீச்சுமானியை எடுத்துக்கொள்வோம். 1992–93இல் மேற்குப் பசிபிக்கில் நடந்த தோகா கோர் ஆய்வு, கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான நிகர வெப்பப் பரிமாற்றத்தைச் சதுர மீட்டருக்கு 10 வாட் பிழைக்குள் அறிய முனைந்தது. எளிய இலக்கன்று. கதிரவன் அடிவானுக்கு மேல் 30 பாகையில் நிற்கையில் கருவி அதன் பக்கமாக 5 பாகை சரிந்தால், நேர்க்கதிரின் அளவு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும். எதிர்ப்பக்கம் சரிந்தால் அவ்வளவே குறையும்.

அகச்சிவப்புக் கதிர் வானம் முழுவதிலிருந்தும் வருவதால் இச்சரிவு அதனை அவ்வளவு தாக்குவதில்லை. அங்கே இடர் வேறு. கருவியும் தன் வெப்பத்தால் கதிர்வீசும். ஆகவே அதன் உடலின் வெப்பநிலையையும் வெயிலில் சூடேறும் கவிகையின் வெப்பநிலையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ('அகம்' என்னும் முன்னொட்டு நமக்கு உவப்பன்று, மூலச்சொல்லுக்குக் 'கீழ்' என்பதே பொருள். ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்டது.)

கதிரவன் ஒளிக்கே மீள்வோம். அலையால் கப்பல் இருபுறமும் ஒப்ப ஆடினால், கூடுதலும் குறைவும் சராசரியில் பெரும்பாலும் ஈடாகிவிடும். சரக்கின் பாரத்தால் ஒரே பக்கம் சாய்ந்து, திசை மாறாது சென்றால் ஈடாகாது. சாய்கோணத்தை அளந்து திருத்தவே வேண்டும். முன்னது ஆட்டம், பின்னது சாய்வு. மொழிபெயர்ப்புப் பாடமொன்றில் இரண்டையும் 'சாய்வு' என்றே எழுதியிருக்கக் கண்டோம். அதைப் படிக்கும் மாணவர், சாய்வும் சராசரியில் மறையும் என்று நம்பிவிடுவார். வகுப்பில் இவ்விரு சொற்களையும் பிரித்தே வழங்குமாறு வேண்டுகிறோம்.