சொல் வரும்வரை
(திட்டக்குடியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் அண்ணன் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு கண்ணாடியைக் காட்டி, "அது... அது..." என்கிறார். நாம் பேசுவது புரிகிறது; சொல்தான் வருவதில்லை. இதை அஃபேசியா என்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அவரிடம் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். காதில் என்ன குறை?

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் காணொலியில் வாரம் ஒருமுறை வழிகாட்டுகிறார். மற்ற நாள்களில் மடிக்கணினிதான். படம் வரும், பெயர் சொல்ல வேண்டும். திணறினால் முதல் எழுத்தை ஒலித்துக் காட்டும். அதில் இருந்த பனிமனிதனை நீக்கிவிட்டு வெள்ளாறு, முந்திரி, பேத்தி படங்களைச் சேர்த்தோம்.

பிரிட்டனில் 278 பேரைக் கொண்டு நடந்த 'பிக் கேக்டஸ்' ஆய்வு 2019இல் வெளியானது. கணினியில் பழகிய சொற்கள் நன்றாக வந்தன. உரையாடல் மட்டும் அதனால் மேம்படவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். திரையைப் பார்த்து "காப்பி" என்பவர், அண்ணியிடம் கையைத்தான் நீட்டுவார்.

உங்களில் சிலர் அவரிடம் படித்தவர்கள். போய்ப் பாருங்கள். அவர் தொடங்கும் வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். வகுப்பில் நமக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அண்ணி இப்போது டம்ளரோடு சற்று நிற்கிறார். சில நாள் சொல் வருகிறது. வராத நாளிலும் காப்பி உண்டு.