கணவரும் நண்பரும்

(ரெங்கம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மறைந்தவரைப் போற்றிப் பேசுவது நம்மவர் மரபு. ஆனால் படத்துக்கு மாலை சூட்டி, நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கலைந்துவிட்டால் கடமை தீர்ந்ததா? இல்லை என்பது என் கருத்து. அதை விளக்கவே பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

அவர் பெயர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், 98-ஆவது வயதில் தமிழ்நாட்டில் காலமானார். கிருஷ்ணம்மாள் அம்மையாரின் கணவர் அவர். கணவர் என்பதோடு நண்பர் என்றும் சொல்ல வேண்டும்.

"தமிழ்நாட்டுக்காரர் கதை ரெங்கத்துக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நம் பாட்டன், பாட்டிமாரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். ஏன் வந்தார்கள்? பிறந்த மண்ணில் தமக்கென்று ஒரு குழி நிலம்கூட இல்லாததால் வந்தார்கள். அந்த நாகைச் சீமையிலேயே தங்கிவிட்ட ஏழைகளுக்குத்தான் இந்தத் தம்பதியர் பாடுபட்டார்கள். ஆகவே இது நம் உறவினர் கதை.

ஜெகந்நாதன் 1914-இல் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு 1930-இல் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கிச் சிறை புகுந்தார். கிருஷ்ணம்மாள் 1926-இல் தாழ்த்தப்பட்ட மக்களிடையே, நிலமற்ற கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். வறுமையோடு போராடிப் பட்டம் பெற்றார். சர்வோதயப் பணியில் இருவரும் சந்தித்தார்கள். சுதந்திர நாட்டில்தான் திருமணம் என்று முடிவு செய்து காத்திருந்து, 1950-இல் மணம் புரிந்துகொண்டார்கள். சாதி விட்டுச் சாதி மணப்பது அந்நாளில் எத்தனை பெரிய துணிச்சல் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மணம் முடிந்தபின் அவர்கள் சுகமாகக் குடித்தனம் நடத்தினார்களா? அதுதான் இல்லை. கணவர் வடநாடு சென்று வினோபா பாவேயுடன் ஊர் ஊராக நடந்தார். நிலமுள்ளவனிடம் ஆறில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி, நிலமில்லாதவனுக்குக் கொடுப்பதே 1951-இல் வினோபா தொடங்கிய பூதான இயக்கம். மனைவியோ சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். "நான் ஊழியம் செய்யப் போகிறேன், நீ அடுப்படியில் இரு" என்று அந்தக் கணவர் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்தபின் இருவரும் சேர்ந்தே தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தார்கள்.

1968 டிசம்பர் 25-ஆம் நாளை எந்தத் தொழிலாளியும் மறக்கலாகாது. கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி என்னும் சிற்றூர். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டார்கள் உழவுத் தொழிலாளர்கள். அதற்குப் பதில் நெருப்பாக வந்தது. ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் வெந்து மடிந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்பது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் அந்தச் செய்தி இன்றும் நம் வயிற்றைக் கலக்குகிறது.

செய்தி கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்தப் பகுதிக்கே போய்ப் பணியைத் தொடங்கினார்கள். நிலம் கையில் இல்லாதவரை அடியும் உதையும் தீராது என்று கண்டார்கள். 1981-இல் 'லாப்டி' என்னும் அமைப்பை நிறுவினார்கள். உழுபவருக்கே நில உரிமை என்பது அதன் நோக்கம். நிலக்கிழாரையும் கூலியாளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசி, நியாய விலை முடிவு செய்து, கடனுக்கு வழிசெய்து நிலத்தை மாற்றிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. அந்த நிலங்கள் பெண்களின் பெயரில் பதிவாயின. தாய்மார்களே, இதைக் கவனியுங்கள்! பெண் பெயரில் இருக்கும் நிலம் கள்ளுக்கடைக்கு அடகு போகாது.

பிறகு இறால் பண்ணை முதலாளிகள் வந்தார்கள். நாகைக் கடற்கரையில் நெல் விளைந்த மண் உப்பாயிற்று, குடிநீரும் கெட்டது. எண்பதை எட்டிக்கொண்டிருந்த வயதில் ஜெகந்நாதன் சத்தியாக்கிரகம் தொடங்கினார். உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-இல் அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. மூடப்படும் பண்ணைகளில் வேலை செய்த தொழிலாளிக்குச் சட்டப்படியான ஈட்டுத்தொகையோடு ஆறு ஆண்டுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. அதை நிறைவேற்றுவதில் தடைகள் பல எழுந்தன என்பதும் உண்மை. தீர்ப்பு பெறுவது ஒன்று, அதை நிலைநாட்டுவது வேறொன்று என்பதைச் சங்கத்தார் நன்கு அறிவோம்.

2008-இல் சுவீடனின் 'சரியான வாழ்வுக்கான விருது' இத்தம்பதியர் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. உழைப்பிலும் புகழிலும் பங்கு சரிபாதி. நண்பர் என்று நான் சொன்னது இதனால்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம்மவர்கள் தெருவில் நின்றார்கள். 1960-இல் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தொழிலாளர் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். அது நமக்குப் பெருமை. ஆயினும் லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். விடியற்காலைப் பெரட்டுக்குக் கணவனோடு சேர்ந்து ஓடி, அவனுக்குச் சமமாகப் பால்மரம் வெட்டிய பெண், அவன் கண்மூடியதும் "இனி எங்கே போவது?" என்று நிற்கலாமா?

தோழர்களே, உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சொந்த வீடு வாங்கும்போது பத்திரத்தில் மனைவியின் பெயரையும் எழுதுங்கள். ஊழியர் சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் அப்படியே கிடந்தால், காலத்தில் மாற்றுங்கள். மனைவிக்குத் தெரியாத கணக்கும் கடனும் வைத்திருப்பவன் அவளுக்குக் கணவனாக இருக்கலாம், நண்பன் ஆகமாட்டான்.

தாய்மார்களே, கூட்டத்துக்குக் கணவரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இருவரும் வாருங்கள். கிருஷ்ணம்மாள் அம்மையார் கணவரோடு தோளோடு தோள் நின்றதால்தான் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நிலப்பட்டா கிடைத்தது.

நல்ல கணவரை நினைவு கூர்வதற்குப் படமும் மாலையும் வேண்டும்தான். ஆனால் அவர் போனபின் அவர் மனைவி யார் வாசலிலும் கைகட்டி நிற்காமல் வாழ்கிறாளே, அதுவே அவருக்கு ஏற்ற நினைவுச் சின்னம். ஜெகந்நாதன் அவர்கள் அத்தகைய சின்னங்களை 13,000 வீடுகளில் விட்டுச் சென்றார். நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் ஒன்றையாவது விட்டுச் செல்வோமாக!