எந்தத் தண்ணீர், எப்போது?

தவளைக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்ல ஒரு கருத்தரங்கு தேவையில்லை. முதல் மழை பெய்த இரவில் வயல்வரப்பே அதைச் சொல்லிவிடும். ஆனால் 'தண்ணீர்' என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் நின்றுவிடுவதால்தான், ஏரியைக் காத்தால் தவளையும் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். ஒவ்வொரு தவளையினமும் தனக்கென ஒரு வகைத் தண்ணீரை, தனக்கென ஒரு பருவத்தில் நம்பியிருக்கிறது என்பதே என் வாதம்.

தோலிலிருந்து தொடங்குவோம். தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றின் மெல்லிய தோல் வழியே உறிஞ்சுகிறது. கோடை இரவில் தண்ணீர்க் குடத்தின் அடியில் தேரை கால்களை அகட்டி, வயிற்றை ஈரத்தரையோடு அழுத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓய்வெடுப்பதாக நினைக்கிறோம், அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. வறண்ட ஊரிலும் தேரை வாழ்கிறதே என்போருக்கு இதுவே விடை: அதன் அன்றாடப் பாட்டுக்குக் குளம் வேண்டாம், ஈரமண் போதும், முட்டையிடத்தான் குட்டையைத் தேடி வரும்.

இதைவிட வலுவான மறுப்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருகிறது. அங்குள்ள புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. இலையிலோ மண்ணிலோ மூங்கில் கணுவிடையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. இலங்கைக் காடுகளிலும் இவற்றின் நெருங்கிய உறவினங்கள் உண்டு. இவை தண்ணீரிலிருந்து விடுதலை பெற்றுவிட்டன என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முட்டைக்கு ஓடில்லை, வழவழப்பான கூழுறை மட்டுமே; சுற்றியுள்ள காற்றின் ஈரம் குறைந்தால் காய்ந்துபோகும். ஓடையை விட்டு மூடுபனிக்குக் குடிபெயர்ந்தவை அவை. மரநிழல் போனால் பக்கத்தில் ஓடை ஓடியும் பயனில்லை.

இவற்றின் மறுகோடியில் நிற்பது, அதே மலைத்தொடரில் வாழும், 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத்தவளை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கறையான் தின்று கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காக மழையையொட்டிச் சில நாள் மட்டும் மேலே வரும். அதன் தலைப்பிரட்டையோ உறிஞ்சுவாயால் பாறையைப் பற்றிக்கொண்டு காட்டாற்றின் வேகத்தில் வளர்கிறது. ஆண்டு முழுதும் தேங்கிய நீரைக் கொட்டிக்கொடுத்தாலும் அதற்கு உதவாது. 2017-இல் திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட அதன் உறவினம் வாழும் கிழக்குச் சரிவுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. மலை ஒன்றுதான், இருபுறமும் மழையின் நாட்காட்டி வேறு.

அப்படியானால் வற்றும் குட்டையைவிட வற்றாத ஏரி மேலல்லவா என்று கேட்கலாம். நிலைநீரிலேயே காலங்கழிக்கும் தவளைகளுக்கு அது சரி. அதை மறுக்க முடியாது. ஆனால் மழைக்குட்டையில் முட்டையிடுபவை தேடுவது மீனில்லாத நீரை. குட்டை ஆண்டுதோறும் வற்றுவதுதான் அங்கே மீனை அண்டவிடாமல் செய்கிறது. சீக்கிரம் வற்றினால் ஒரு தலைமுறையே கருகும் என்பதும் உண்மை. அது தவளை தெரிந்தே ஆடும் சூதாட்டம். அந்தக் குட்டையை ஆழப்படுத்தி, மீன்குஞ்சும் விட்டுவிட்டு, நீர்நிலையை மீட்டோம் என்று பலகை நடுகிறோம். நம் கணக்கெடுப்புகளும் பரப்பையும் ஆழத்தையும் எழுதுகின்றன. நீர் வந்த நாளையும் வற்றிய நாளையும் எழுதுவதில்லை. முதல் அமர்வில் கட்டுரை படிக்கும் நண்பர்களிடம் அந்த இரண்டு தேதிகளைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.